மயிலைக்குச் சொன்ன வார்த்தை

ராமசுப்பு கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வீம்புக்காரர், அவ்வளவுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம். அந்த வீம்பு ஒரே ஒரு தடவை அவர் வீட்டுக்குள்ளேயே பாய்ந்துவிட்டது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஓட்டப்பிடாரம் போகிற வழியில் ஊர். அவருடையது தெலுங்கு பேசும் வீடு. வடக்கேயிருந்து அம்மனைக் கூடையில் சுமந்து வந்த வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பாஷையை எழுதவோ படிக்கவோ வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சந்தைக்கும் கடைக்கும் தமிழ். பிள்ளையைக் கொஞ்ச, செத்தவருக்கு அழ, அம்மனிடம் முறையிட மட்டும் தெலுங்கு. அம்மனுக்குத் தமிழ் புரியாது என்றே பெண்கள் நம்பினார்கள்.

எழுபதாம் வருசம் மகள் ஜானகியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதல் நாளே பிள்ளை தெலுங்கில் தண்ணீர் கேட்டுவிட்டது. வகுப்பே சிரித்தது. போதாக்குறைக்கு வாத்தியாரும் எழுந்து நிற்கச் சொல்லி, "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுச் சிரித்தாராம். பிள்ளை அழுதுகொண்டே வீடு வந்தது. ராமசுப்புவுக்கு ரத்தம் கொதித்தது. கோபத்தை வாத்தியாரிடம் காட்டியிருக்கலாம். அதைச் செய்தாரா மனிதர்? வீட்டில் வந்து காட்டினார்.

"இன்னையிலருந்து இந்த வீட்ல பிள்ளைகிட்ட யாரும் தெலுங்கு பேசப்படாது. 'நைனா'ன்னு கூப்பிடப்படாது. 'அப்பா'தான்!"

மனைவி சங்கரம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். "நம்ம பாஷையில கொஞ்சாம நான் பிள்ளைய எப்படித் தூங்கவைக்க?"

"தமிழ்ல கொஞ்சு."

அவளுக்குத் தமிழில் கொஞ்ச வரவில்லை. அதுவரைக்கும் தினமும் மகளின் நெற்றியைத் தடவி, "நா பங்காரு, சல்லகா உண்டு" என்று சொல்லித்தான் தூங்கவைப்பாள். என் தங்கமே, குளிர்ச்சியாக இரு என்று அர்த்தம். அன்றைக்குப் பிறகு சும்மா தடவினாள். மூன்று வருசத்தில் காய்ச்சல் கண்டு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம் அந்த வீட்டில் ராமசுப்பு தெலுங்கு பேச யார் இருக்கிறார்கள்? மாடுதான் இருந்தது. மயிலைக் காளையைக் கன்றிலிருந்து வளர்த்தார். உழவு முடிந்து நுகத்தடியை இறக்கியதும் அதன் நெற்றியைத் தடவி, "நா பங்காரு, சல்லகா உண்டு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் மாடு தொட்டிக்கு நகரும். மகளிடம் மட்டும், "படிச்சியா? சாப்ட்டியா?" அவ்வளவுதான். பாசம் இல்லாமலா? மலையளவு இருந்தது. அது வருகிற வாசலைத்தான் அந்த மனிதர் தன் கையாலேயே அடைத்துவிட்டாரே!

எண்பத்தாறில் ஜானகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கழுகுமலைப் பக்கம். பெண் புறப்படும்போது அம்மன் விளக்குக்கு முன்னால் நிறுத்தி, தகப்பன் தலையில் கைவைத்துத் தன் பாஷையில் வாழ்த்த வேண்டும். மகளும் அதே பாஷையில் 'போய் வருகிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் பெண் புறப்பட்டது அம்மனுக்குத் தெரியும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று ராமசுப்புவுக்குத் தோன்றவே இல்லை. ரத்தத்தில் இருக்கும், வாய்க்கு வந்துவிடும் என்று நினைத்தார்.

"ஏலே ராமசுப்பு, கைய வையி. பிள்ளைக்கு ரெண்டு வார்த்த சொல்லு" என்றாள் அவருடைய அக்கா பாலம்மாள்.

மகள் தலையில் கையை வைத்தார். பதினாறு வருசம் அடைத்துவைத்தது தொண்டைக்கு வந்தது.

"நா பங்காரு, சல்லகா உண்டு."

ஜானகி வெடுக்கென்று நிமிர்ந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா, இது மயிலைக்குச் சொல்லுததுல்லா? எனக்குன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வரலையாப்பா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, ஏட்டி, அது ஒங்காத்தா ஒனக்குச் சொன்னதுட்டி! ஒனக்குப் பெறகுதான் அந்த மாட்டுக்கு!"

ஜானகிக்கு நினைவில்லை. ஆறு வயதில் நின்றுபோனது எப்படி நினைவிருக்கும்? ராமசுப்பு வாயைத் திறந்தார். 'அது ஒன்னோடதுதாம்மா. நாந்தான் புடுங்கி மாட்டுக்குக் குடுத்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் போதும். வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

வாசலில் வேன்காரன் ஆரன் அடித்தான்.

ஜானகி நேரே தொழுவத்துக்குப் போனாள். மயிலையின் நெற்றியைத் தடவி, அப்பாவின் அதே குரலில், அதே இழுவையில், "நா பங்காரு, சல்லகா உண்டு" என்றாள். மாடு அவள் கையை நக்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"வாரேம்ப்பா."

நல்ல சுத்தமான தமிழ். அவர் ஆசைப்பட்ட தமிழ்.

"சரிம்மா" என்றார் ராமசுப்பு.

மறுநாள் உழவு இருந்தது. சாயங்காலம் நுகத்தடியை இறக்கிப்போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மயிலை நகரவில்லை. தொட்டியில் தண்ணீர் இருந்தது, கூளம் போட்டிருந்தது. ஆனாலும் நெற்றியைத் தாழ்த்திக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றது. ராமசுப்பு திரும்பி வந்து அதன் முகத்தில் கைவைத்தார். வார்த்தை வரவில்லை. இருட்டுகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.