தூக்குக்குண்டு கட்டிய கார்

பெட்ரோல், மல்லிகைப்பூ, விபூதி, வெயிலில் காய்ந்த தோல் சீட்டு, இவை நான்கும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கால் தரையில் நிற்காது. எங்கள் நைனாவின் காருக்குள் அப்படித்தான் மணக்கும். திருத்தணி மலைக்குப் படியேறிப் போக முடியாத முழங்கால் வலிக்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும், பட்டுப்புடவை கசங்கக்கூடாத கல்யாணப் பெண்களையும் மலைப்பாதை வழியாகக் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விடுகிற வாடகைக் கார் அது. ஆந்திரப் பக்கத்து ஜமீன் வீடு ஒன்றில் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததை நைனா கொண்டுவந்து, அரக்கோணம் சாலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ரஷீத் மாமாவிடம் ஆறு மாதம் போட்டு உயிர் கொடுத்தார். முன்பக்கம் மூன்று பேர் தாராளமாக உட்காரும் நீளச் சீட்டு, அகலமான மட்கார்டு, கையை நீட்டிப் பிசைந்தால் ஊரையே கூப்பிடும் ரப்பர் உருண்டை ஹாரன். இத்தனை அழகு இருந்தும் பஜாரில் அதற்கு வழங்கிய பெயர் "தும்மல் காரு" என்பது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய மனக்குறை.

தும்மல் என்றால் நிஜத் தும்மல். இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து போக வேண்டும் அல்லவா, அந்தக் கலவை சமதரைக்கு ஒரு மாதிரியும் மலை ஏற்றத்துக்கு வேறு மாதிரியும் இருக்க வேண்டும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால் வண்டி "ஹச்" என்று தும்மும், இன்னொரு தும்மலில் நின்றே போகும். சமதரைக்கு வந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டால் கரும்புகை கக்கிப் பின்னால் வருகிறவர்களைக் கோபப்படுத்தும். இப்போதைய வண்டிகள் இதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்கின்றன. அந்த வண்டியிலோ இதற்கென்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது, அதை ஒருவர் கையால் திருப்பிக்கொண்டே வர வேண்டும். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கவே நைனாவுக்கு இரண்டு கையும் போதாது. ஆகவே குமிழைத் திருப்புகிற கை எங்கள் அம்மாவின் கை.

கார் கிளம்புகிறது என்றால் அம்மாவும் கிளம்ப வேண்டும். அடுப்பில் உலை கொதித்தாலும் சரி, எங்களில் யாருக்காவது காய்ச்சல் அடித்தாலும் சரி. ஏறும்போது ஒரு கை குமிழில் இருக்கும், இறங்கும்போது வேலை இல்லை என்பதால் மடியில் துணியை வைத்துக்கொண்டு ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துக்கொண்டே வருவாள். விஷயம் தெரியாத சவாரிகள், புருஷனை ஒரு நிமிஷம்கூடப் பிரிய மாட்டாள் போலிருக்கிறது என்று காது படவே கேலி பேசுவார்கள். அம்மா அடுத்த ஹூக்கை எடுத்துத் தைப்பாள். எப்படித்தான் அவ்வளவு பொறுமையோ, எனக்கு மட்டும் அவர்களை மலை உச்சியில் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று ஆத்திரம் பொங்கும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு புதன்கிழமை தபாலில் அந்தக் காகிதம் வந்தது. அரக்கோணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அம்மாவைத் தையல் டீச்சராகப் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே பரீட்சை எழுதித் தேறிவிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் மறந்தும்போன வேலை. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது. நைனா அதைத் தெருவில் நின்று சத்தமாகப் படித்தார், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுக்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து வாசலில் நின்ற காரைப் பார்த்தார், முகம் விழுந்துவிட்டது. அதே திங்கட்கிழமை காலையில் பொதட்டூர்பேட்டைக் கல்யாணம் ஒன்றுக்கு வண்டி பேசியிருந்தார், பெண்ணை முகூர்த்தத்துக்கு மலைமேல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அம்மா இல்லாமல் வண்டி ஏறாது என்பதில் எங்களுக்கு அனுபவம் இருந்தது. ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் இரண்டாவது வளைவில் கார் நின்றுபோய், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளையே இறங்கித் தள்ள வேண்டியதாகி, அவருடைய புதுச் சட்டையில் கருப்பாக ஐந்து விரல் பதிந்து, பஜாரில் ஒரு மாதம் எங்களால் தலைகாட்ட முடியவில்லை. இன்னொருவரைப் பழக்கிவிடலாம் என்று வியாழக்கிழமை என் சின்ன மாமாவை உட்கார வைத்தார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரரை, பிறகு என்னையே. நாங்கள் எல்லோரும் தோற்றோம். காதைத் தீட்டிக்கொண்டு இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்போம், தும்மல் வந்ததும் திருப்புவோம், தும்மல் வந்த பிறகு திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அன்று மாலை ரஷீத் மாமாவின் ஷெட்டில் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் மாமா அம்மாவிடம் அதைக் கேட்டார். இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. எந்தச் சத்தத்தைக் கேட்டு நீங்கள் திருப்புகிறீர்கள் அண்ணி என்றார்.

"சத்தம் இன்னா சத்தம், எனுக்குக் காதுல ஒண்ணும் தெரியாது பாய்," என்றாள் அம்மா. "ஏத்தத்துல முதுகு போயி சீட்ல ஒட்டிக்கும். ஒட்டிக்கினா திருப்புவேன், விட்டுச்சின்னா பழையபடி வெச்சிடுவேன். அவ்ளோதான்."

ரஷீத் மாமா அவளையே பார்த்தார். பிறகு எழுந்து ஷெட்டின் பின்பக்கம் ஓடினார். அங்கே அப்போது சுவர் எழும்பிக்கொண்டிருந்தது, கொத்தனாரின் சாமான்கள் கிடந்தன. திரும்பி வந்தபோது அவர் கையில் பித்தளைத் தூக்குக்குண்டு ஆடிக்கொண்டிருந்தது, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் கயிற்றில் தொங்கவிடுவார்களே, கீழே கூராக, அதுதான். கார் சாய்ந்தால் உங்கள் முதுகு பின்னால் போகிறதே, இதுவும் போகும், முதுகு செய்கிற வேலையை இது செய்யட்டும் என்று அவர் மூச்சிரைக்கச் சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் எல்லோரையும் விடப் பெரிதாகக் கை தட்டியது நான்தான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்களுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. கயிற்றுக்குப் பதிலாக இரும்புக் கம்பி போட்டு, முன்னும் பின்னும் மட்டும் ஆடும்படி டேஷ்போர்டுக்கு நடுவே குண்டைத் தொங்கவிட்டு, கம்பியிலிருந்து ஒரு ஒயரைக் குமிழோடு இணைத்தார் மாமா. வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம். ஏற்றம் தொடங்கியதும் கார் தும்மவே இல்லை, பேசாமல் படுத்துவிட்டது. ஒயரைத் தலைகீழாக மாட்டியிருந்தார், ஏற்றத்தில் காற்று குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. நைனா தலையில் கை வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார, ரஷீத் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாற்றி மாட்டினால் இன்னொரு தொல்லை, பள்ளத்தில் விழும்போதெல்லாம் குண்டு துள்ளி, வண்டியும் சேர்ந்து விக்கியது. கம்பி ஆடுகிற இடத்தில் பழைய செருப்புத் தோலை வெட்டி இறுக்கிய பிறகுதான் குண்டுக்கு நிதானம் வந்தது. சனிக்கிழமை மதியம் அம்மாவைப் பின் சீட்டில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு நைனா மலையேறினார். முன்னால் உட்கார்ந்திருந்த என் முழங்காலை நோக்கிக் குண்டு மெதுவாகச் சாய்ந்து வந்தது, குமிழ் யாரும் தொடாமல் தானாகத் திரும்பியது, பேய் திருப்புவது போல. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, ஒரு தும்மல் இல்லை. உச்சிக்குப் போனதும் நைனா இறங்கி நடுச்சாலையில் கோயிலைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவர் குண்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்ததுதான் பின்னால் வினையாக முளைத்தது.

அம்மாவுக்கு மட்டும் முழு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கார் மலைமேல் போய்ச் சேர்ந்ததும் மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும், ஸ்டேஷனில் அது தன் காதில் விழ வேண்டும், விழுந்தால்தான் ரயில் ஏறுவாள்.

"கேக்கலன்னா நான் திரும்பி வந்துகினே இருப்பேன்," என்றாள். "ஒரு கல்யாணத்த நிறுத்திட்டு எனுக்கு இன்னா உத்தியோகம்?"

நைனா உடனே சம்மதித்தார். ஹாரன் என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை அம்மா பச்சைக் கரை போட்ட புடவையில் டிபன் பாக்ஸோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள், நாங்கள் பெண் வீட்டார் தங்கியிருந்த சத்திரத்துக்குப் போனோம். பெண்ணுக்கு ஜடை தைத்து முடிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருவழியாகப் பெண்ணும் தோழிகளும் பின்னால் ஏற, பெண்ணின் பெரியம்மா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கண் குண்டின் மேல் விழுந்தது. பித்தளையில், கூராக, சந்தனமும் குங்குமமுமாக, அதுவும் முருகன் மலைக்குப் போகிற வண்டியில் தொங்குவது வேலாகத்தானே இருக்க முடியும். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மடியிலிருந்த கதம்பத்தை எடுத்துக் குண்டுக்குச் சுற்றி, தொங்கிய மிச்சத்தை வாடிவிடாமல் மேலே கண்ணாடிச் சட்டத்தில் இருந்த கொக்கியில் இழுத்துக் கட்டினார். நைனா பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் பார்த்தேன், பூ அழகாக இருக்கிறதே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

முதல் ஏற்றத்திலேயே "ஹச்".

நைனாவின் கழுத்தில் வியர்வை பூத்தது. கியரைக் குறைத்தார், இன்னொரு "ஹச்". பின்னால் தோழிகள் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்கள். இரண்டாவது வளைவு கண்ணுக்குத் தெரிந்தது, மாப்பிள்ளை தள்ளிய அதே இடம். கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அம்மா பிளாட்பாரத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், ஏற்றத்தில் என் முழங்காலைத் தொட வேண்டிய குண்டு அங்கேயே நிற்கிறது, பூச்சரம் விறைத்து அதை முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. பாய்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வாழை நார், நனைந்து இறுகியிருந்தது, நகம் போகவில்லை.

"பூவ அறுக்காதடீ, கல்யாண வண்டி," என்று பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

கையைத்தானே பிடித்தார். நான் குனிந்து நாரைப் பல்லால் கடித்து அறுத்தேன். சாமிக்குப் போட்ட பூவை எச்சில் செய்துவிட்டாளே என்று அவர் அலறியது காதில் விழுந்தது, அதைவிட இனிமையாக இன்னொன்றும் விழுந்தது, குண்டு சாய்ந்து என் முழங்காலில் இடிக்க, இஞ்சின் ஒருமுறை கனைத்துவிட்டு, தொண்டை சரியான பாடகரைப் போல எடுத்தது பாருங்கள் ஒரு குரல். இரண்டாவது வளைவை நாங்கள் நடந்து கடக்கவில்லை, பறந்து கடந்தோம். வலியும் வாயில் வாழை நாரின் துவர்ப்புமாக நான் கத்திக்கொண்டே வந்தேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மேலே போய் நின்றதும் எல்லோரையும் தாண்டிக் குதித்து ஹாரனைப் பிசைந்தேன். மூன்று முறை என்றுதான் பேச்சு, நான் எண்ணவில்லை, கை ஓயும் வரை பிசைந்தேன். பெண் வீட்டுக்காரர்கள் அதைக் கல்யாண உற்சாகம் என்று நினைத்திருப்பார்கள். கீழே ரயில் ஊதியது. எங்கள் ஹாரனுக்கு முன்பா, பின்பா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே பெட்டிகள் நகர்வது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தோம், அம்மா இல்லை. மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம், வரவில்லை. வராததற்காக அப்படி ஆனந்தப்பட்ட பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்கால ரயிலில் வந்து இறங்கியவளிடம், பையைக்கூட வாங்காமல் நைனா கேட்டார், ஹாரன் கேட்டதா என்று. கேட்டது, மூன்று முறையும் நன்றாகக் கேட்டது என்றாள் அம்மா. மலையில் அடித்தால் ஸ்டேஷனில் கேட்கும் எங்கள் ஹாரன் என்று நைனா அதற்குப் பிறகு ஊரில் சொல்லாத ஆள் இல்லை.

நைனா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ரஷீத் மாமாவின் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. கார் யார் யார் கைக்கோ மாறிப் போய்விட்டது, குண்டும் அதோடு போனது. அம்மா தையல் டீச்சராகவே ஓய்வு பெற்று, இப்போது எங்களோடு இருக்கிறாள். போன கிருத்திகைக்கு என் மகள் தன் காரில் எங்களை மலைக்கு அழைத்துப் போனாள். ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தாள், கலவை என்று ஒன்று இருப்பதே அந்த வண்டிக்குள் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது வளைவில் வழக்கம்போல நான் அந்தக் கதையை ஆரம்பித்தேன். எத்தனையாவது முறையோ. ஹாரன் வரைக்கும் வந்தபோது முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பாமலே சொன்னாள்.

"அது எங்க கேட்டுச்சி. ஒண்ணும் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டதாக நைனாவிடம் சொன்னாயே என்றேன்.

"ஆங், சொன்னேன். அவுரு அவ்ளோ ஆசையா வந்து நின்னாரு, இன்னா சொல்றது? ரயிலு வந்துச்சி. நின்னு பாத்தேன், கேக்கல. நவுர ஆரம்பிச்சிச்சி, ஏறிட்டேன்."

கார் நின்றுபோயிருந்தால், கல்யாணம் கெட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் அம்மா என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டைக்குப் போவது போலக் கேட்டது.

"நின்னா எறங்கித் தள்ளட்டும்னுதான் ஏறினேன்," என்றாள் அம்மா.