நாடி இல்லாதவருக்காக நான் கேட்ட துஆ

என் கணவர் உயிரோடு இருக்கும்போதே அவர் முகத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். போர்த்தியவர் அவருடைய சொந்த அண்ணன். சகோதரிகளே, இதைச் சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் கடை வைத்திருந்தபோது என் கணவருக்கு இதயம் பழுதாகி, அங்கேயே நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்தார்கள். இதயத்தின் வேலையை அதுதான் செய்யும். ரத்தத்தை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் அவருக்குக் கையில் நாடி தெரியாது. வயிற்றிலிருந்து வரும் வயர் இடுப்பு பெல்ட்டில் இருக்கும் பேட்டரியோடு சேரும். அதைக் கழற்றினால் ஆள் போய்விடுவார். 2009-ல் ஊர் திரும்பி கும்மிடிப்பூண்டியில் அவர் அண்ணன் வீட்டில் தங்கினோம். அவரை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் இதையெல்லாம் எத்தனையோ தடவை சொன்னேன். பொம்பளை பேச்சு யார் காதில் ஏறும்?

அந்தக் கோடையில் என் கணவருக்கு வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீரே இல்லாமல், மதியம் லுஹர் தொழ எழுந்தவர் மயங்கி விழுந்தார். நான் ஆம்புலன்சுக்கு போன் பண்ணிவிட்டு வருவதற்குள் பெரிய மச்சான் நாடி பார்த்து முடித்துவிட்டார். மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பிப் படுக்கவைத்துத் துணியும் போர்த்தியாயிற்று. மய்யித்தின் உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று மோதிரத்தைக் கழற்றினார். அடுத்து பெல்ட்டில் கை வைத்தார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"மூச்சு இருக்கு மச்சான். துணி ஆடுது பாருங்க."

"ஃபேன் காத்துல ஆடுதும்மா. மவுத்தானவர வெச்சிக்கினு இன்னா பேஜாரு பண்ற? தள்ளு."

வீட்டுப் பெண்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். நான் பெல்ட்டின் மேல் கவிழ்ந்துகொண்டேன். யா அல்லாஹ், என் பேச்சை இவர்கள் நம்பவில்லை, நீயே காட்டிவிடு என்று கதறி துஆ கேட்டேன். அவர்கள் என் கையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது.

தினமும் நாம் திட்டித் தீர்க்கும் அதே மின்வெட்டுதான். ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. துணியின் ஓரங்கள் அடங்கின. வாய்க்கு நேரே மட்டும் துணி ஏறி இறங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். பெரிய மச்சான் சுவரோடு போய்ச் சாய்ந்துகொண்டார்.

ஆம்புலன்சில் வந்த தம்பிக்கும் நாடி கிடைக்கவில்லை. பிரஷர் மிஷினும் ஒன்றும் காட்டவில்லை. நெஞ்சை அழுத்தப் போனவரைத் தடுத்தேன்.

"அழுத்தாதப்பா, உள்ள பம்ப் இருக்கு. மூச்சு வருது பாரு. தண்ணி வத்திப்போச்சி, ட்ரிப்ஸ் போடு."

அவராவது கேட்டார். நெஞ்சில் காது வைத்து, பம்ப் ஓடும் சத்தத்தை உறுதி செய்துகொண்டு, டாக்டரிடம் போனில் பேசி ட்ரிப்ஸ் ஏற்றினார். சென்னை போய்ச் சேரும் முன்பே என் கணவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது வேப்பம்பட்டில் தனியாக இருக்கிறோம். முன்பெல்லாம் கடமைக்குத் தொழுதேன். இப்போது எதிரில் இருப்பவனிடம் பேசுவது போலக் கேட்கிறேன். நீங்களும் வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். கொடுப்பான்.

பெரிய மச்சானை மன்னிக்கும் மனசை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவானே.