எண்ணிக்கைக்கு வந்த மூவர்

ஒரு விடுகதை. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும், அயலாருக்கும் தெரியும். ஆனாலும் நான் எழுதித் தந்தால்தான் நாலு பேர் நம்புவார்கள். நான் யார்?

கிராம அலுவலர். யாழ்ப்பாணத்துக்கு அப்பால், கடல் சூழ்ந்த நெடுந்தீவில் அந்தக் கதிரையில் பல வருடமாக இருக்கிறேன். எங்கள் தொழில் கையெழுத்துப் போடுவது. இதற்குக் கையெழுத்துத் தேவையில்லை என்று ஒருவரை நம்பவைப்பதுதான் கஷ்டம். மேசைக்குப் பின்னால் காலம் தள்ளுகிற சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியாததல்ல.

நான் சொல்லப்போவது ஒரே குடும்பத்தைப் பற்றி. சூசைதாசன் சிறுவயதில் இங்கிருந்து படகேறி இந்தியாவுக்குப் போனவர். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே பிறந்த ஜெசிந்தாவைக் கட்டினார். மகள் அனிற்றாவுக்குப் பத்து வயது. தை மாதம் மூவரும் சூசைதாசனின் தகப்பன் காணிக்கு வந்து சேர்ந்தார்கள். தாய்க்கும் மகளுக்கும் இது புது நாடு. ஜெசிந்தா வந்த கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார்: பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை பார்ப்பது, அனிற்றா இருக்கமாட்டேன் என்றால், பிள்ளையோடு தானும் முன்பே திரும்பி யாழ்ப்பாணத்தில் குடியேறிய தன் தமையன் வீட்டுக்குப் போய்விடுவது. சூசைதாசன் கடலோடு இங்கே தனியே. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உயர வரிசை

பதிவுக்கு ஓராள் வந்தால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தேன். நான் கதவு திறக்குமுன்பே மூவரும் உயர வரிசையில் நின்றார்கள். சூசைதாசன் அன்று கடலுக்குப் போகவில்லை. அனிற்றாவுக்குக் காய்ச்சல், துவாயால் போர்த்து நிறுத்தியிருந்தார்கள். முகாமில் மாதம் ஒருமுறை அதிகாரி வந்து தலை எண்ணுவாராம். அந்த நேரம் வரிசையில் இல்லாதவரின் பெயரை வெட்டிவிடுவாராம்.

இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று விளக்கி, பிள்ளையைப் படுக்கவைக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் அதே திகதி, அதே வரிசை. "ஏன் வந்தனீங்கள்? நான் கூப்பிடேல்லையே" என்றேன்.

"நீங்கள் மறந்தாலும் நாங்கள் மறக்கக்கூடாதெல்லே, அக்கா" என்றார் ஜெசிந்தா. "ஒருக்கால் எண்ணிவிடுங்கோ, போறம்."

விண்ணப்பம்

சூசைதாசன் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். அழகான கையெழுத்து. வலை வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டும், ஓர் இரவு தங்க நேரும், மறுநாள் மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிடுவேன், தயவுசெய்து அனுமதி தரவும் என்று எழுதியிருந்தார்.

"இதுக்கு அனுமதி தேவையில்லை, அண்ணை. படகிலை ஏறிப் போங்கோ" என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் மாலை ஆறு மணியாக ஐந்து நிமிடம் இருக்க, வலைப்பொதியை முதுகில் சுமந்தபடி என் வீட்டுப் படலை வாசலில் நின்றார். இறங்குதுறையிலிருந்து ஓடி வந்திருக்கவேண்டும். மூச்சு வாங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரே மெல்லக் கேட்டார்: "அப்ப, என்னை ஒருத்தருமே தேடேல்லையோ?"

கிணற்றடி

விடியப்புறம் சைக்கிளில் போகும்போது பொதுக்கிணற்றடியில் நான்கு வெறும் குடங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டேன். பக்கத்தில் ஜெசிந்தா குந்தியிருந்தார். முகாமில் தண்ணீர்க் குழாய்க்கு இரவிலேயே குடத்தை வைத்து இடம் பிடித்துப் பழக்கமாம். இங்கே அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஆளில்லை. தொட்டியை நோக்கி வந்த மாடுகள்தான் வழியில் நின்ற குடங்களை முகர்ந்து பார்த்தன.

பக்கத்து வளவுப் பிலோமினா அக்கா வாளியோடு வந்தார். அந்த வரிசையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"பிள்ளை, குடத்தை அங்காலை எடும். இஞ்சை முதல் ஆள் எப்பவும் மாடுதான்."

எல்லா வீதியும்

அனிற்றா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு வீதி. கல்மதில் ஓரமாக, எதையோ தொலைத்தவள்போல நடப்பாள். ஒருநாள் மறித்து, "என்ன தேடுறீர்?" என்று கேட்டேன். மணலில் தங்கநகை விழுந்து தேடுகிற முகம் அவளுக்கு.

"முகாம்ல இருந்த மாதிரி கேட் எங்க இருக்குன்னு பாக்குறேன், மேடம். எல்லா ரோடும் கடல்ல போய்த்தான் முடியுது."

தவணை முடிவு

சித்திரையில் ஜெசிந்தாவின் தமையன் வந்தார். மத்தியானப் படகுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு என் கடிதம் வேண்டும் என்று எல்லாருமாக வந்தார்கள். ஜெசிந்தாவின் கையில் உடுப்புப் பை. ஆனால் இன்னும் பிள்ளையைக் கேட்கவில்லையாம். அலுவலகத்தில் வைத்துக் கேட்டால்தான் அது செல்லும் என்று நினைத்திருக்கிறார்கள். சூசைதாசன் கதவோரம் நின்றார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

பேனாவை எடுத்துக்கொண்டு, "எங்கை இருக்கப்போறீர், அனிற்றா?" என்று கேட்டேன்.

"அங்க போய், பிடிக்கலேன்னா திரும்பி வரலாமா?"

"ஓம்."

"அதுக்கு லெட்டர் வேணுமா?"

"பள்ளிக்கூடத்துக்கு வேணும். உமக்கு வேண்டாம்."

"இங்க இருந்துட்டு, அடுத்த தவணை போகணும்னா?"

"அதுவும் ஏலும்."

மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். அனிற்றா எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்து, சற்றுக் கோபமாகவே கேட்டாள்: "அப்ப எதுக்கு எல்லாரும் இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

சூசைதாசன் அப்போதுதான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

இத்தனை வருடத்தில் நான் பேனா மூடியைத் திறந்து, ஒரு சொல்லும் எழுதாமல் மூடியதில் எல்லாருக்கும் நன்மையாய் முடிந்த அலுவல் இது ஒன்றுதான்: அனிற்றா நெடுந்தீவிலேயே இருக்கப்போகிறேன் என்றாள்.