இடது கண்ணுக்கான பழி

என் இடது கண் கெட்டபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நாங்கள் குடியிருந்த லயத்து ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிந்தது. சில வாரங்களில், எதிரே நிற்பவர்களின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிதான் இருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுப்பவரை டொக்டரையா என்போம். அவர் என் கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"வேலைக்குப் போகாம இருக்க நல்ல கத கண்டுபுடிச்சிருக்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும் துண்டுச் சீட்டு கேட்டு ஐந்து தடவை போனேன். ஐந்து தடவையும் அதே சொட்டு மருந்து. ஒரு வருடம் கழித்து, துண்டு இல்லாமலே பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

கண்ணுக்குள் பார்வைத் திரையின் நடுவில் ஓட்டை என்றார்கள். கொழும்பில் ஒபரேஷன் செய்து, ஓட்டை மூடுவதற்காகக் கண்ணுக்குள் வாயு அடைத்தார்கள். ஒரு வாரம் குப்புறவே கிடந்தேன். வாயு கரையும் முன் மலை ஏறினால் அது விரிந்து கண்ணே போய்விடும் என்றதால், கொழும்பில் தங்கையின் வாடகை அறையில் இரண்டு மாதம் இருந்தேன்.

"ஓட்டை மூடிருச்சு" என்றார் அங்கிருந்த டொக்டரம்மா. "ஆனா ஆரம்பத்துலயே வந்திருந்தீங்கன்னா இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பேச்சு மனதை அறுக்க அறுக்கத்தான் ஊர் திரும்பினேன்.

இப்போது ஏழு வருடமாகிறது. நடுவில் அதே கண்ணில் புரை விழுந்து இன்னொரு ஒபரேஷனும் ஆயிற்று. ஓட்டை மறுபடி திறக்கவில்லை. புள்ளி போய்விட்டது, வளைவு போகவில்லை. அந்தக் கண்ணால் சின்ன எழுத்து படிக்க முடியாது.

வேலையிலிருந்து நின்றதும், புதன்கிழமைதோறும் டிஸ்பென்சரி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன். உள்ளே டொக்டரையாவுக்குக் கேட்கிற மாதிரி பெண்களிடம் சொல்வேன்:

"ஒவ்வொரு கண்ணா பொத்திக்கிட்டு அந்தக் கதவு நெலயப் பாருங்க. வளைஞ்சு தெரிஞ்சா இவருகிட்ட நிக்காதீங்க. நேரா பதுளைக்குப் போங்க."

அவர் வெளியே வந்து கத்துவார். நான் எழுந்திருக்க மாட்டேன்.

அன்று சிரித்தவர்களில் ஒருத்திக்கே அப்படித் தெரிந்தது. உடனே போனாள். சீக்கிரமே ஒபரேஷன் நடந்தது. இன்று ஊசியில் நூல் கோர்க்கிறாள். வாழைப்பழச் சீப்போடு வந்து, "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்க்கா" என்று அழுதாள்.

"புண்ணியத்துக்குச் செய்யலடி. அந்த ஆளு மூஞ்சி கறுத்துப் போறதப் பாக்கத்தான் செஞ்சேன்" என்றேன். உண்மை அதுதான்.

போன மாதம் பதுளை பஸ்ஸில் டொக்டரையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது.

"தப்புதாம்மா" என்றார் மெதுவாக. "மன்னிச்சிரு."

நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அவரைப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"எனக்கு நீங்க இப்புடித்தாங்க தெரியிறீங்க. சாகுற வரைக்கும் இப்புடித்தான்."

அவர் அடுத்த பஸ் ஹோல்ட்டிலேயே இறங்கிவிட்டார். அது அவர் இறங்குகிற இடமல்ல. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.