பெட்ரோல் கேட்டவருக்குக் கரண்ட் கொடுத்த வண்டி

ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். கருமத்தம்பட்டியில் ஒரு மாட்டுக் கொட்டகையின் மூலையைப் பிடித்து எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை போட்டேன். கரண்ட் என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்ததில்லை; ஷாக் அடித்து அடித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பட்டறையை வைத்தே பதினாறு தறி ஓட்டினேன். தண்ணீர் கிடையாது என்று மூன்று பேர் கையை விரித்துவிட்டுப் போன காட்டில் போர் போட்டுத் தென்னை வளர்த்தேன். இவனுக்கெதற்குக் கம்பெனி என்று சிரித்தவர்கள் பிறகு என்னிடமே வந்து பம்ப்செட் வாங்கிப் போனார்கள். மகனை இன்ஜினியராக்கினேன். மருமகளும் இன்ஜினியர்.

இத்தனையும் செய்தவனை, போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊத்துக்குளி தாண்டி ஒரு காட்டுப் பாதையில், ஒரு கார் வாயடைக்க வைத்துவிட்டது.

மகனும் மருமகளும் சேர்ந்து வாங்கிய கார் அது. என்னைக் கேட்கவில்லை. முழுக்க பேட்டரியில் ஓடுவது, அந்த மாடலிலேயே விலை குறைந்த அடிமட்ட ரகம். முன்னால் பார்த்தால் ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பின்னால் போகப் போகக் கூரை சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முதல் நாள் பின் சீட்டில் ஏறும்போது தலையில் இடித்துக்கொண்டு கேட்டேன்: "என்ன அம்மணி, கூரைய முடிக்கறதுக்குள்ள கொத்தனார் ஓடிப்போயிட்டானா?"

"அதுதான் ஸ்டைலுங்க மாமா. நீங்க முன்னாடி வந்து உக்காருங்க" என்றாள் மருமகள்.

நாற்பது வருஷம் மோட்டாரோடு கிடந்தவன் என்பதால் அந்த வண்டியை நான் நம்பவில்லை. தண்ணீர் பட்டால் போச்சு, வெயிலில் சூடேறினால் போச்சு என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது பாட்டுக்கு ராத்திரி தறிக்கூடத்துச் சுவரில் செல்போன் மாதிரி சார்ஜ் ஏறிக்கொண்டு, காலையில் மருமகளைக் கோயமுத்தூர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தது. மழைநாளில் உக்கடம் பக்கம் தேங்கிய தண்ணீரிலும் நிற்காமல் வந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, அதனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகளும் மட்டும் சென்னிமலை போனோம். முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கம்பெனி ஆட்களுக்குப் பெட்ஷீட் எடுத்து வருவதாக ஏற்பாடு. மலைப்பாதையில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. இறங்கும்போது மருமகள் கண்ணாடித் திரையைக் காட்டினாள். சார்ஜ் ஒரு புள்ளி கூடியிருந்தது. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் திரும்பவும் பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது என்றாள். மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் கரண்ட் வரும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் ஒரு கார் அதை ஓடுகிற ஓட்டத்தில் செய்வதைக் கண்ணால் பார்த்தபோது, கழுத்தை நீட்டி அந்த எண்ணை இரண்டு தடவை படித்தேன். பெட்ஷீட் மூட்டை ஐந்தும் அந்தச் சறுக்குக் கூரைக்கடியில் அடங்கிவிட்டன. 

திரும்பும் வழியில் ஆடிக்காற்று பேயாட்டம் ஆடியது. மெயின் ரோட்டில் ஒரு புளியமரம் கரண்ட் கம்பியோடு சாய்ந்து கிடந்தது. காட்டுப் பாதையில் திரும்பினோம். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒருவர் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். நாற்பது வயசிருக்கும், தலையில் தொப்பி, கையில் காலி கேன். உக்கடத்தில் மீன் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பாய் என்பதும், அண்ணன்மார் கடையை விட்டுத் தனியாக இங்கே தார்ப்பாய்த் தொட்டிகளில் மீன் வளர்க்கிறார் என்பதும் பிறகு தெரிந்தது. அப்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஐயா, கொஞ்சம் பெட்ரோல் குடுங்க. ஜெனரேட்டர் நின்னுபோச்சு. என் வண்டியில இருந்ததையும் உறிஞ்சி ஊத்திட்டேனுங்க. காத்து இல்லாட்டி மீனு செத்துப்போயிருமுங்க."

"இதுல பெட்ரோல் இல்லீங்க" என்றாள் மருமகள்.

"டீசலா இருந்தாலும் பரவால்லீங்க, பக்கத்துத் தோட்டத்து இஞ்சினுக்கு..."

"டீசலும் இல்லீங்கண்ணா. இது கரண்ட் வண்டி."

அந்த மனிதர் கேனை ரோட்டிலேயே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாலு தொட்டி மீனும் இன்னும் இரண்டு நாளில் பிடிக்க வேண்டியது. கூட்டமாக வளரும் மீன், தொட்டிக்குள் காற்று ஊதிக்கொண்டே இருந்தால்தான் உயிர் தங்கும். காற்று நின்று அரை மணி ஆகியிருந்தது. "இது போச்சுன்னா அண்ணன் கடையில போயி மறுபடி செதில் உரசணுங்க. அவிங்க அப்பவே சொன்னாங்க, உனக்கு இது ஆகாதுன்னு" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆகாது என்ற சொல்லை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். இறங்கிவிட்டேன்.

அதற்குள் மருமகள் மூட்டைகளை நகர்த்தி டிக்கியிலிருந்து துப்பாக்கிப் பிடி மாதிரி ஒன்றை எடுத்தாள். அதன் ஒரு முனையைச் சார்ஜ் போடும் ஓட்டையில் மாட்டினால் மறுமுனையில் வீட்டு ப்ளக் பாயிண்ட் வரும், வண்டியே வெளியே கரண்ட் கொடுக்கும் என்றாள். கரண்ட் குடிக்கிற வண்டி கரண்ட் கொடுக்குமா? நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் ஒரு விரல் இடம் இல்லாமல் மீன் வாய்கள். எல்லாம் திறந்து திறந்து மூடின. நாலைந்து மல்லாந்துவிட்டன.

இனி என் வேலை. ஈபி மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். ஃபியூஸ் என் மடியில் இருக்கும்வரை தெரியாத்தனமாக யாரும் லைனைப் போட முடியாது. பட்டறை போட்ட நாள் முதல் எனக்கு அதுதான் வழக்கம். ஜெனரேட்டர் ஒயரைக் கழற்றி வண்டியில் செருகினேன். காற்று ஊதும் ப்ளோயர் மோட்டார் நாலு, சுவரில் நாலு சுவிட்ச்.

"ஒவ்வொண்ணா போடுங்க ஐயா, ஜெனரேட்டர்லயும் நான் அப்படித்தான்..." என்றார் பாய்.

"மோட்டாரப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்று சொல்லி நாலையும் ஒரே தட்டாகத் தட்டினேன். ஈபி லைனில் அப்படிப் போட்டே பழகிய கை.

ஒரு உறுமல். அடுத்த நொடி எல்லாம் அடங்கிவிட்டது. வண்டித் திரையில் சிவப்பு எழுத்து.

"லோடு ஜாஸ்தின்னு நிறுத்திப்போடுச்சுங்க மாமா" என்றாள் மருமகள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போல ஐந்தாறு பங்கு கரண்டை இழுக்கும். அதை நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வாய் நிறையப் பேசிவிட்டு அதையே மறந்தேன். பாய் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

வண்டி செத்துவிட்டது என்றே நினைத்தேன். மருமகள் அணைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போட்டாள். அது ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து கரண்ட் கொடுத்தது. முதல் ப்ளோயர் ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது மட்டும் சுற்றாமல் உறுமியது. சட்டென்று சுவிட்சை இறக்கினேன். அந்த உறுமல் எனக்குத் தெரியும், மோட்டாரை முதல் சுற்றுக்குத் தள்ளிவிடும் கெப்பாசிட்டர் போய்விட்டது. புது கெப்பாசிட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? நாலாவதைத் தட்டிப் பார்த்தால் அசைவே இல்லை; அது முன்பே எரிந்துபோனது என்றார் பாய். மூன்றாவதும் நாலாவதும் ஒரே குழாயில் ஊதுபவை; மீன் அதிகம் கிடந்த அந்த இரண்டு தொட்டிகளுக்கும் இனி மூன்றாவது ஒன்றுதான் கதி.

அந்த முதல் தள்ளலைக் கையால் கொடுத்தால் பிறகு தானே ஓடும் என்று மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினேன். தொட்டி கட்டிய நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, விசிறித் தண்டில் நாலு சுற்றுச் சுற்றினேன். மருமகள் கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் போடு என்றதும் போட வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

"மாமா, உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆகுதுங்க. அண்ணா இழுக்கட்டும்."

"அவருக்கு அந்தக் கணக்கு வராது கண்ணு. நீ கையைப் பாரு."

முதல் இழுப்பு வீண். இரண்டாவதற்குத் தோள்பட்டையில் மின்னல் வெட்டியது. மூன்றாவதில் கயிறு உருவி வந்த அந்தக் கணத்தில் போடு என்றேன். தண்டு நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி வேகமெடுத்தது. இரண்டு தொட்டி அடியிலிருந்தும் குமிழ் கொதித்துக்கொண்டு மேலே வந்தது. பாய் தண்ணீருக்குள் கையை விட்டுக் குமிழைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வாய்கள் ஒவ்வொன்றாக அடியில் மறைந்தன. செத்துப்போனவை முப்பது நாற்பது இருக்கும். மற்றதெல்லாம் பிழைத்துவிட்டது.

சாயங்காலம் நாலரைக்கு ஈபி வரும்வரை அந்த வண்டி அங்கேயே நின்றது. புகை இல்லை, சத்தம் இல்லை. மூன்று மோட்டாரைச் சுமந்துகொண்டு உள்ளே எங்களுக்கு ஏசியும் போட்டது. அவ்வப்போது போய் அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. எழுபது சதவீதத்தில் ஆரம்பித்த சார்ஜ் ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. அதே வண்டியில் வீடு வந்து சேர்ந்தோம். என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான மோட்டாரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எந்த மோட்டாரையும் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டதில்லை. அன்றைக்கு இறங்கும்போது, மருமகள் பார்க்காத நேரமாகப் பார்த்து, கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் பாய் மீன் பிடித்துவிட்டார். அண்ணன்மாரே வந்து எடுத்துப் போனார்களாம். வண்டி விற்ற ஷோரூம்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு, மீன் தொட்டிக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்து, ஆயிரக்கணக்கான உயிரைக் காத்த கார் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். என் சொந்தக்காரர்களே அதை எனக்கு அனுப்பி வைக்கிறார்கள். படத்தில் மருமகள் இருக்கிறாள், பாய் இருக்கிறார், வண்டி இருக்கிறது. கயிற்றைக்கூடக் காணோம்.

வண்டி அதிசயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மூன்றாவது மோட்டாரைச் சுற்ற வைத்தது இந்த வலது கை. தோள்பட்டை இன்றைக்கும் மழைக்கு முன்னால் வலிக்கிறது. அதையும் எழுத்தில் போட வேண்டும் என்று அந்த ஷோரூம்காரர்களிடம் கேட்கிறேன். என் பங்கு என்று எழுதும்போது, பாய் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னதைக் கேட்காமல் நாலையும் ஒன்றாகத் தட்டி, பத்து நிமிஷத்தையும் முப்பது நாற்பது மீனையும் வீணாக்கினேனே, அதையும் என் கணக்கிலேயே சேர்த்துப் போடுங்கள். அந்த வரியை வெட்டிவிட்டுக் கயிறு இழுத்ததை மட்டும் போட்டால், அது எனக்கு வேண்டாம்.