ஒன்றாம் நம்பர் பெட்டி

சாக்கடைச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று சொல்லும் பெட்டிகளைப் பராமரிப்பது அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் பெட்டிக்காரி. குழி நாற்றம் பழகிவிட்டது. பழகாதது சென்ட் சார்தான். குழிப் பக்கம் எட்டியே பார்க்காமல், வாசனை தெளித்த அறைக்குள் உட்கார்ந்து உத்தரவு போடும் மேலதிகாரி.

அன்று காலை கடைக்கோடிக் குழியின் மூடியைத் தூக்கினாள். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. கைமீட்டர் அலறியது. அலுவலகத்துக்கு ஓடிவந்தால், பெட்டிகளின் சேதியைக் காட்டும் வாசல் சுவர் விளக்கு பச்சையாக எரிகிறது. வாசல் குழியருகே, குழியில் இறங்கி வேலை செய்யும் அவள் அண்ணன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இறங்காதண்ணா! கடைக்கோடியில விஷவாயு!"

"பச்சை எரியுதே. உன் பெட்டியை நீயே நம்ப மாட்டியா?"

"அது ஊசிப்போன சேதி."

"சார் இறங்கச் சொல்லிட்டாரும்மா. சிவப்பு எரியாம நின்னேன்னா வேலை போயிடும்."

அலுவலகத்திலிருந்து கடைக்கோடிவரை வரிசையாக இருக்கும் பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் கேட்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. பின்னாலிருந்து வரும் அளவோடு தன் அளவையும் ஒப்பிட்டு, மோசமானதை அலுவலகப் பக்கமுள்ள அடுத்த பெட்டிக்குத் தள்ள வேண்டும். கடைக்கோடி முதலில் பேசினால் ஒரே சுற்றில் சேதி வந்துவிடும். ஆனால் தன் அறைவாசல் பெட்டிக்குத்தான் ஒன்றாம் நம்பர் என்று சார் ஒற்றைக்காலில் நின்றார். முறையும் நம்பர்படியே போனது. முன்னால் இருப்பது பேசி முடித்த பிறகே பின்னால் இருப்பது வாய் திறக்கும். சேதி பெட்டிக்குப் பெட்டி அடுத்த சுற்றுவரை கிடந்து நாறும். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சாரின் அறைக்குள் நுழைந்து, கம்ப்யூட்டரில் முறையைத் தலைகீழாக்கினாள்.

"என் பெட்டி கடைசியா? யாரைக் கேட்டு மாத்துற?"

"எல்லாரும் சொல்றதைக் கேட்டுட்டு அது பேசட்டும் சார். நீங்களும் பழகலாம்."

அடுத்த சுற்றிலேயே விளக்கு சிவந்தது. வெளியே, ஏணியில் வைத்த காலை அண்ணன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான்.

சார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசலுக்கு வந்தார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"முறையை எப்படி வேணா வச்சுக்கோ. ஒண்ணுன்னு ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை மட்டும் கழட்டிடாதே."

அவளுக்குக் குமட்டியது. இத்தனை வருஷம் எந்தக் குழியும் செய்யாததை அந்த ஆள் செய்துவிட்டார். குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"அழுக்கே இல்லையேம்மா" என்றான் அண்ணன்.

"இருக்குண்ணா" என்று மறுபடி சோப்பை எடுத்தாள்.