காலண்டர் தாயார்

தங்கை செல்லாவின் மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு காலண்டர் கொண்டுவந்தாள். புத்தகக் கடையில் விலை கொடுத்து வாங்கினாளாம். காலண்டருக்குமா விலை என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தை ஆசையாக வாங்கி வந்திருக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு படம். பழைய காவியக் காட்சிகளை இந்தக் காலத்து ஓவியர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கற்பனை செய்து வரைந்தவை. மேகத்தின் மேல் ஒரு ஊர், இடுப்புக்குக் கீழே மயிலாகிப்போன பெண், சிறகு முளைத்த தேர். நான் முதலில் செய்த காரியம், அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தது.

"பெரிம்மா, அது காலண்டர். மல்லிப்பூ இல்லை" என்று சிரித்தாள்.

ஒரு வாசனையும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. தாளைத் திருப்பினால், பின்பக்கத்தில் அந்தப் படத்தின் கதை முழுவதும் அச்சாகியிருக்கிறது. இவள் யார், எந்த நூல், முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆகப்போகிறது எல்லாம். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சலாக வந்தது. இந்தப் பின்பக்கம் மட்டும் எங்கள் அம்மாவுக்குக் கிடைத்திருந்தால்!

நான் சொல்வது சுதந்திரம் வந்த புதிது. ரேஷன் அரிசிக் காலம். தசராவுக்கு மகாராஜாவே யானை மேல் போனார். மைசூர் கோட்டைக்குத் தெற்கே, அக்ரஹாரத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடித்தனங்கள் இருந்த ஒரு வடாராவில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. பூர்வீகம் மேல்கோட்டை. வீட்டில் பேசுவது தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் அப்பாவுக்கு இங்கிலீஷ்.

அந்தக் காலத்தில் காலண்டர் என்பது விற்கிற பொருள் இல்லை. அது மரியாதை. தேவராஜ மார்க்கெட்டில் நாங்கள் வாங்குகிற ஊதுவத்திக் கடையில், வருஷம் முழுக்க அங்கேயே வாங்கியவர்களுக்கு மட்டும் ஜனவரியில் ஒன்று தருவார்கள். தீபாவளியிலிருந்தே ஊதுவத்திக் கட்டுகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருப்பதால், பிரித்து மாட்டினால் சித்திரை வரைக்கும் கூடத்தில் சந்தன வாசனை அடிக்கும். மேலே பெரிய படம், கீழே தினம் கிழிக்கிற தேதிக் கட்டு. வருஷம் முடிந்ததும் தேதிக் கட்டைப் பிய்த்துவிட்டு, சாமி படமாக இருந்தால் அட்டையில் ஒட்டிப் பெருமாள் அலமாரியில் ஏளப்பண்ணிவிடுவோம். எழுந்தருளப் பண்ணுவதைத்தான் எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்வது. சாமி படத்தை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். அதனால் அலமாரியில் பெருமாளுக்கே நெருக்கடி.

நான் சொல்லவந்த கதையின் முதல் வருஷத்துப் படத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். தாமரைக் குளம். நடுவில் பெரிய தாமரையின் மேல் நிற்கிற ஒரு பெண். இரண்டு பக்கமும் யானைகள், தும்பிக்கையால் அவள் மேல் தண்ணீர் தெளித்தபடி. மூக்கில் தங்க மை வைத்து மினுக்கிய பேசரி. "தாயார்! நம்மாத்துக்கே ஏளியிருக்கா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாமரை இருக்கிறது, யானை இருக்கிறது, மகாலட்சுமித் தாயாரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? வேறு சில விஷயங்களும் படத்தில் இருந்தன. தண்ணீருக்கு அடியில் ஒரு அரண்மனை, மரக்கிளையில் மாட்டிக்கொண்ட சந்திரன், மனித முகம் வைத்த மீன்கள்.

"மீனுக்கு ஏன்மா மீசை இருக்கு?" என்று கேட்டேன்.

"பாற்கடல் மீன் அப்படித்தான் இருக்கும். சேவிச்சுக்கோ."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "ரெண்டு கைதானேடி இருக்கு?"

"சில சந்நிதியில ரெண்டு கையோடயும் சேவை சாதிக்கறா" என்று அம்மா முடித்துவிட்டாள். வருஷம் முடியும்வரை காத்திருக்கவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தேதிக் கட்டோடு நேராகப் பெருமாள் அலமாரிக்குள் மாட்டினாள். இதனால் வந்த வினை, குளிக்காமல் அலமாரியைத் தொடக்கூடாது என்பதால் காலையில் யாரும் தேதி கிழிக்க முடியாது. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் நான் எப்போதும் நேற்றைய தேதியையே பார்த்துவிட்டுப் போனேன். இன்றைக்கும் எனக்குத் தேதி கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடுகிறது.

அந்த ஆடி மாதம் செல்லாவுக்கு ஜுரம் வந்தது. விஷ ஜுரம் என்றார்கள். எதிர்க் குடித்தனத்தில் இருந்த ரீத்தா அக்கா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து ஊசி போடுவாள். "பார்லி தண்ணி மட்டும் குடுங்கம்மா, வேற ஒண்ணும் பேடா" என்பாள். பேடா என்றால் வேண்டாம். தமிழைக் கன்னடத்தில் முடிப்பதுதான் அவள் வழக்கம். டாக்டர் நாடி பார்ப்பார், பையை மூடுவார். ஒரு நாள் மத்தியானம் செல்லா அம்மாவைப் பார்த்து, "மாமி, எங்கம்மா எங்கே?" என்று கேட்டாள்.

அம்மா அழவில்லை. எழுந்துபோய்க் கால் அலம்பிக்கொண்டு காலண்டர் முன்னால் நின்றாள். இடது மூக்கிலிருந்த வைர பேசரியைத் திருகிக் கழற்றி, படத்துக்கு முன்னால் பலகையில் வைத்தாள். "என் பொண்ணை எங்கிட்டயே விட்டுடு. இது உனக்கு" என்றாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், செல்லாவின் ஜுரத்தைவிட அம்மாவின் வெறும் மூக்கைப் பார்த்துத்தான் பயந்தேன். வேறு யாருடைய அம்மாவோ மாதிரி இருந்தாள்.

செல்லா பிழைத்தாள். நவராத்திரிக்குக் கொலுவைப் பார்க்க முற்றத்தைத் தாண்டி நடந்துபோகிற அளவுக்குத் தேறினாள். அம்மா ரீத்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டபோது அவள், "உங்க தாயாரும் எங்க மாதாவும் கலந்து பேசியிருப்பாங்க" என்றாள். தை வெள்ளிக்கிழமை மேல்கோட்டை போய்த் தாயார் சந்நிதியில் பேசரியைச் சமர்ப்பித்துவிடலாம் என்று அப்பா ஏற்பாடு செய்தார். துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க அம்மா வேப்பங்குச்சியை நறுக்கிச் செருகிக்கொண்டாள்.

அதற்குள் ஜனவரி வந்துவிட்டது. அப்பா புதுக் காலண்டரைக் கூடத்தில் பிரித்தார். அதே பெண். அதே கண், அதே மோவாய், மூக்கில் அதே பேசரி. ஆனால் இப்போது சிறகுள்ள ஒரு குதிரையின் மேல், தாடி வைத்த ஒருவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே தூரத்தில் அந்த இரண்டு யானைகளும் பார்த்துக்கொண்டு நின்றன.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பெருமாளா இருக்குமோ என்னவோ" என்றாள் அம்மா.

"பெருமாளுக்கு ஏதுடி தாடி?"

அப்பாவின் நிலைமையை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். சாமுண்டி மலையை ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பார். ஒரு நாளும் ஏறியதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு வருஷமாக, முன்பின் தெரியாத யாரோ ஒருத்திக்குத் தினமும் கற்பூரம் காட்டியிருக்கிறார். காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னட பண்டிதர் சேஷப்பா மாஸ்டர் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இவள் தேவரு அல்ல, சுவாமி. யாரோ ராஜகுமாரி. பழைய காவ்யத்தில் வர்றவள்" என்றார் மாஸ்டர், எங்களுக்காகத் தமிழில்.

"எந்தக் காவ்யம்?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் ஒரு பேர் சொன்னார், அடுத்த வாரம் தலையை ஆட்டி அது இல்லை என்றார். ரீத்தா அக்கா, கான்வென்டில் படித்த இங்கிலீஷ் கதை ஒன்றில் ஏரிக்குள் இப்படி ஒருத்தி உண்டு, ஆனால் அவள் புடவை கட்டமாட்டாள் என்றாள். கடைக்காரரோ, "படம் சென்னாகித்து, நல்லாயிருந்தது, போட்டேன். கதையெல்லாம் நனகேனு கொத்து, எனக்கென்ன தெரியும்?" என்று கையை விரித்தார். ஏஜெண்டு கொண்டுவந்து காட்டிய படமாம். வரைந்தவன் பம்பாயோ கல்கத்தாவோ, யாருக்குத் தெரியும்?

"எப்படியும் நாம நினைச்சுண்டது தாயாரை. மேல்கோட்டையிலயே சேர்த்துடுவோம்" என்றார் அப்பா.

"நான் இவளைன்னா வேண்டிண்டேன்! கேட்டது ஒருத்திகிட்ட, குடுக்கறது இன்னொருத்திக்கா?"

"இவ தெய்வமே இல்லைங்கறேன்."

"அப்போ செல்லா எப்படி எழுந்துண்டா?"

ஊசி என்று நீங்கள் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

தை வெள்ளிகள் போயின. பேசரி பலகையிலேயே இருந்தது. சுமங்கலி மூக்கு வெறுமையாக இருப்பதைப் பார்த்து, கல்யாண வீடுகளில் மாமிகள் குசுகுசுத்தார்கள். அதை அம்மா பொருட்படுத்தவில்லை. ஆனால் செல்லா ஒரு தும்மல் போட்டால் போதும், கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அலமாரியைத் திரும்பிப் பார்ப்பாள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அதனால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்ற பயம் அவளை விடவில்லை. குதிரைப் படத்தை எங்கே வைப்பது என்பதும் தீரவில்லை. பெருமாளோடு வைக்க மனசில்லை, கூடத்தில் மாட்ட தைரியமில்லை. கடைசியில் சமையல் நடக்கிற தளிகை உள்ளுக்குப் போகிற நடையில் மாட்டினாள். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து ஒரு முழி முழிப்பாள். கும்பிடுவதா, யாரென்று விசாரிப்பதா என்று தெரியாத முழி.

அடுத்த வருஷத்துக் காலண்டரைப் பிரிக்கும்போது நாங்கள் எல்லோருமே கூடி நின்றோம். காடு. ஒரு மரத்தடியில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். குதிரையும் இல்லை, தாடிக்காரனும் இல்லை. யானைகளுக்குப் பதில் ஒரே ஒரு மான். கிழிந்த சேலை, மூளியான கழுத்து. மூக்கில் பேசரி இல்லை.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம், இவளுக்கே யாரும் இல்லை. இவகிட்டப் போய்க் கேட்டேனே" என்றாள். அவள் கண் நிறைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். செல்லாவின் ஜுரத்தின்போதுகூட அப்படி நிறையவில்லை.

உடனே போய்க் குளித்தாள். மடிப்புடவையோடு வந்து காலண்டரைத் தரையில் விரித்துப் போட்டாள். தையல் ஊசியால் படத்துப் பெண்ணின் இடது மூக்கில் ஒரு துளை போட்டாள். பலகையிலிருந்த பேசரியை எடுத்து, அந்தத் துளையில் செருகி, தாளின் பின்பக்கம் திருகாணியைப் போட்டாள். வலிக்குமோ என்று பயந்தவள் போல மெதுவாகத் திருகினாள்.

அப்பா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வைரம் போகிறதே என்று கத்துவார், அல்லது இங்கிலீஷில் ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன். "நன்னா இறுக்கிப் போடு. விழுந்துடப் போறது" என்றார்.

அந்தப் படத்தைப் பீரோ கதவின் உள்பக்கம் மாட்டினாள். அதற்குப் பிறகு செல்லா தும்மினால் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் புதிதாக ஒரு கவலைதான் வந்தது: இந்தப் பெண் காட்டிலிருந்து எப்போது வெளியே வருவாள்? அந்த வருஷம் முழுக்க அடுத்த ஜனவரிக்குக் காத்திருந்தாள். இப்போது தொடர்கதைக்குக் காத்திருப்பார்களே, அந்த மாதிரி.

ஜனவரி வந்தது. காலண்டரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, கையில் ஊதுவத்திக் கட்டோடு சிரித்தது. அம்மா அதைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள். மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகாதவள், அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு தானே கடைக்குப் போனாள். "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?" என்று கேட்டாள். கடைக்காரருக்கு அவள் கேட்பது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஜனங்களுக்குக் குழந்தை படம்தான் பிடிக்குது, அம்மா" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மா கடை கடையாக மாட்டியிருந்த காலண்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது அந்த வடாரா இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். ஊதுவத்திக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தாமரைப் படமும் குதிரைப் படமும் வீடு மாறியதில் எங்கோ போயின. அம்மா காலமான பிறகு பீரோவைத் திறந்தால், காடு, மரம், மான் எல்லாவற்றையும் பூச்சி அரித்து முடித்திருந்தது. திருகாணி இறுக்கிப் பிடித்திருந்த இடம் மட்டும் மிச்சம். நகக்கண் அளவுக்குத் தாள், அதில் மங்கலாக மூக்கின் ஒரு பக்கம், அதில் பேசரி.

பஞ்சில் பொதிந்து வைத்திருந்த அதைத்தான், இந்தக் கதையையும் சொல்லி, செல்லாவின் மகளிடம் எடுத்துக் காட்டினேன். எந்த ஓவியம் என்று கண்டுபிடிக்கிறேன் பார் என்று செல்போனில் படம் பிடித்துத் தேடினாள். மூக்குத்தி விற்கிற கடைகளாக வந்து கொட்டியது.

"கல்லு ரொம்ப நன்னாயிருக்கு பெரிம்மா. திருகைக் கழட்டிச் சுத்தம் பண்ணினா நான் போட்டுக்கலாமா?"

"கழட்டினா தாள் உதிர்ந்துடும்டி. அது அவளோடது."

செல்லாவின் மகள் புதுக் காலண்டரை எடுத்து ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எல்லோருடைய கதையும் இருந்தது. பிறகு பேசரியைப் பழையபடி பஞ்சில் வைத்து மூடினாள்.

"கடைசியில அவ என்ன ஆனா, பெரிம்மா?"

"உங்கம்மா பிழைச்சுட்டா" என்றேன். "அவ காட்டிலேருந்து வந்தாளோ இல்லையோ, தெரியலையே."